கர்ப்பப்பை என்னிடமே இருக்கட்டும்

எங்கள் தெருவில் ஒருத்தி செத்துப்போனாள். என் வயசுதான் இருக்கும். கர்ப்பப்பையில் புற்று என்றார்கள். துட்டி கேட்கப் போனேன். பொம்பளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

"முதல்ல வெள்ளைதான் பட்டுச்சாம். கூட அரிப்பாம். வேற ஒரு நோவும் இல்லியாம். கவனிக்காம விட்டுட்டாளாம்."

எனக்கு அப்போது அரித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே அரிப்பு. தயிர் திரிந்த மாதிரி வெள்ளையும் பட்டது. அதுவரைக்கும் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலைக்குப் போனேன், சோறு பொங்கினேன், படுத்தால் தூங்கினேன். அந்த ஒரு பேச்சு காதில் விழுந்ததோடு எல்லாம் போச்சு. வீட்டுக்கு வருகிற வழியிலேயே நான் பாதி செத்துவிட்டேன்.

இதை நான் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவில்லை. பல்வலி என்று எழுதினால் யாரும் மூஞ்சியைத் திருப்புவதில்லை. இதுவும் உடம்புதான். மூஞ்சியைத் திருப்புகிறவர்கள் திருப்பிக்கொள்ளட்டும்.

நான் இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணிக்குக் கம்பெனி வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். வெளிநாட்டுக்குப் போகிற இறாலுக்குத் தலை கிள்ளி, தோல் உரித்து, முதுகுக் குடலை இழுத்துப்போடுகிற வேலை. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். மேசை எல்லாம் ஐஸ். தரை எல்லாம் தண்ணீர். காலில் ரப்பர் பூட்ஸ், மேலே பிளாஸ்டிக் ஏப்ரன், தலையில் தொப்பி, வாயில் மாஸ்க். ஏப்ரன் முன்பக்கத்தைத்தான் மறைக்கும். பின்னால் பாவாடையும் உள்ளாடையும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வேலை முடிகிறவரை அந்த ஈரத்தோடுதான் நிற்போம்.

ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவி, குளோரின் தண்ணியில் கையை முக்கி, குளோரின் தொட்டியில் பூட்ஸை நனைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். குடித்தால்தானே போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். "இந்தக் குளோரின் தண்ணிக்குத் தப்புற கிருமி உலகத்துலயே கிடையாது" என்று ஒருத்தர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள். அங்கே படித்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. இவர் சொன்னது மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது.

துட்டிக்குப் போய்வந்த மறுநாள், கை முக்குகிற அந்தத் தண்ணியைக் குடிதண்ணி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். வாசலில் செக்யூரிட்டி அக்கா பையைத் தடவிப் பார்ப்பாள். இறால் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். தண்ணி பாட்டிலை யார் பார்க்கப் போகிறார்கள்.

வீட்டில் அதை ஊற்றிக் கழுவினேன். எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைத்தேன். மறுநாளும் ஊற்றினேன். அது அப்படியே பழக்கமாகிப்போச்சு.

பயம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் உள்ளாடையைப் பார்ப்பேன். வேலைக்குக் கிளம்புமுன் பார்ப்பேன். வந்ததும் பார்ப்பேன். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பேன். மோந்து பார்ப்பேன். இறால் உரிக்கிறவள் கையில் எப்போதும் இறால் வாடைதான். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் எழுந்து வேற சீட்டுக்குப் போவார்கள். இதில் எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று நான் எதைக் கண்டேன். ஆனாலும் மோந்து பார்ப்பேன்.

போன் இன்னும் மோசம். வெள்ளைப்படுதல் என்று ஒரு தடவைதான் தேடினேன். அதற்குப் பிறகு நான் தேடவே வேண்டியதில்லை. சமையல் வீடியோ பார்க்கத் திறந்தாலும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி வந்து நிற்பாள். "இந்த அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள்" என்பாள். நான் அலட்சியம் செய்யவில்லை. அடுப்பில் குழம்பைத்தான் அலட்சியம் செய்தேன். அடிப்பிடித்த குழம்பை அந்த மாசம் வீட்டில் நிறையச் சாப்பிட்டார்கள்.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். அவளுக்குத் தலை பின்னிவிடும்போது, நான் போய்விட்டால் இந்தத் தலையை யார் பின்னுவார்கள் என்று நினைப்பேன். கை தானாக இறுகும்.

"இழுக்காதம்மா, வலிக்கி" என்பாள்.

அவளுக்கு என்ன தெரியும். நான் அவளுடைய கல்யாணத்தில் என் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருக்கிறதுவரைக்கும் பார்த்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான். சின்ன வயசு டாக்டரம்மா.

"என்ன செய்யுது?"

"அங்கன அரிக்குது."

"அங்கனன்னா எங்கன?"

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பேச்சில் அந்த இடத்துக்கு இருக்கிற சொல் எல்லாம் வைகிறதுக்குத்தான் ஆகும். குழாயடிச் சண்டையில் நானே எடுத்து வீசியிருக்கிறேன். டாக்டரிடம் சொல்ல ஒரு சொல் இல்லை.

"கீழ" என்றேன்.

"முழங்காலும் கீழதான் இருக்கு."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார்.

"இது பூஞ்சை. ஃபங்கஸ்னு சொல்லுவோம். ஈரத்துல நிக்கிறவங்களுக்கு வரும். சுகர் இருந்தாலும் வரும். பயப்பட ஒண்ணுமில்ல. எதைப் போட்டுக் கழுவுறீங்க?"

"சோப்புதான்."

"சோப்பும் வேண்டாம். வெறும் தண்ணி போதும்."

குளோரின் தண்ணியைச் சொல்லவில்லை. கம்பெனிப் பொருளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்ல. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுகர் இல்லை. உள்ளே வைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். படுக்கும்போது மாத்திரை வைத்தேன். காலையில் குளோரின் தண்ணி ஊற்றினேன். கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தது. அப்புறம் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

அவ்வளவுதான், பயத்துக்கு வாய் முளைத்துவிட்டது. பார்த்தியா, மருந்துக்கே கேட்கவில்லை, அப்படியென்றால் இது பூஞ்சை இல்லை என்றது. நாசரேத்தில் வயசான லேடி டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், கைராசி என்று சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். அவரும் பார்த்துவிட்டுப் பூஞ்சைதான் என்றார். ரெண்டு டாக்டரும் ஒன்றையே சொன்னால் மனுசனுக்கு நம்பிக்கை வர வேண்டும். எனக்கு ரெண்டு பேரும் சேர்ந்து தப்பாகச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. பயந்தவளுக்குப் புத்தி அப்படித்தான் போகும்.

மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரி. புற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். டாக்டரம்மா மறுக்கவில்லை. "முப்பது தாண்டினா எல்லாருமே பாத்துக்கிட வேண்டியதுதான்" என்று பஞ்சில் துடைத்து எடுத்து அனுப்பினார். மாத்திரையையும் மாற்றி எழுதினார். ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லை. கையில் வாங்கி வெளியே வரும்வரைக்கும் சந்தோசமாக இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள், வேற யாருடையதையோ மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். கண்டெய்னர் ஏற்றுகிற வண்டி. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"நீங்க வெளிய எங்கயும் போனீங்களா?"

"வெளியதான் போறேன். லாரி வீட்டுக்குள்ளயா ஓடும்?"

"நான் அதக் கேக்கல."

சோற்றில் இருந்த கை நின்றது. புரிந்துகொண்டார்.

"ஏளா, ஹார்பர் கேட்டு வரிசையில கெடந்து சாகுததுக்கே நேரம் பத்தல. இதுல நான் எங்க போவேன்? டாக்டரு அப்படியா சொன்னாவ?"

"இல்ல. நானாத்தான் கேக்கேன்."

"அப்ப மோரை ஊத்து."

அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். மூக்கைச் சொறிவார். சொறியவில்லை. அவரிடமிருந்து வரவில்லை என்று தெரிந்தது. ஆனால் பயம் குறையவில்லை. அவரிடமிருந்து வரவில்லை என்றால் எனக்குள்ளேயே இருந்துதான் வருகிறது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று அது அடுத்ததைத் தொடங்கிவிட்டது.

மைனி வந்தாள். என் அண்ணன் பெண்டாட்டி. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டு வெற்றிலையும் ஒரு யோசனையும் கொண்டுவந்தாள்.

"எடுத்துப் போட்டுருளா."

"எதை?"

"கர்ப்பப்பையத்தான். பெத்து முடிச்சாச்சு. இனிமே அத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற, ஊறுகாயா போடப் போற? எங்க தெருவுல எத்தன பேரு எடுத்துட்டாளுவ. பயந்து பயந்து சாகுததுக்கு ஒரேயடியா எடுத்துட்டா நிம்மதி."

மைனி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காக அழுதவள் அவள் ஒருத்திதான். அவளே டவுனில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் என் ரிசல்ட்டைப் பார்த்தார்.

"நார்மலாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு இவ்வளவு பயம் இருந்தா எடுத்துரலாம். காப்பீட்டு அட்டை இருக்குல்லா?"

இருந்தது. வியாழக்கிழமை என்று முடிவாச்சு. அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தப் பையோடு பயத்தையும் சேர்த்து வெட்டி ஒரு தட்டில் வைத்துக் காட்டிவிடுவார்கள், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் லீவு சொன்னேன். என் எதிர்மேசையில் நிற்கிற அக்கா ஒருத்தி உண்டு. வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். கடற்கரைப் பக்கம் வீடு. என்னைவிட மூத்தவள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்ஸ் கழற்றுகிற இடத்தில் கேட்டாள்.

"எதுக்குளா லீவு? கல்யாணமா?"

"ஆபரேசன். கர்ப்பப்பைய எடுக்கப் போறேன்."

"ஏன், கட்டியா?"

"கட்டியெல்லாம் இல்ல. அரிப்பு நிக்க மாட்டேங்கு."

"அரிப்புக்கா?"

"ஆமாக்கா."

ஒரு காலில் பூட்ஸ், ஒரு கால் வெறுங்கால். அப்படியே நின்றாள்.

"எனக்கு எடுத்து எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? எனக்கு இன்னும் அரிக்குதேளா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நானும் இதே அரிப்புக்குத்தான் எடுத்தேன். பை போச்சு. அரிப்பு இருந்த எடத்துலயேதான் இருக்கு. வீட்டு வாசல்ல கரையான் இருக்குன்னு அடுக்களைய இடிச்ச கதை."

"அப்ப பயம்? பயமாவது போச்சா?"

"எங்க போச்சு? இப்ப மார்ல கட்டி இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டுத் திரியுதேன். போன வாரம் பூரா இந்தப் பக்கம் இருக்க மாதிரி இருந்துச்சு. இந்த வாரம் அந்தப் பக்கம். மாதாவே, பக்கத்துக்குப் பக்கம் மாறுத கட்டிய நீ எங்கயாவது கண்டிருக்கியா?"

சிரித்துவிட்டோம். அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குக் கிளம்பினாள். போகிறபோக்கிலேயே மூடியைத் திறந்தாள், எனக்குக் குளோரின் வாடை அடித்தது.

"அது என்ன தண்ணிக்கா?"

"கழுவத்தான். இதுக்குத் தப்புற கிருமியே கிடையாதுன்னு சொன்னாங்கல்லா?"

நான் என் பையைத் திறந்தேன். என் பாட்டிலை எடுத்து அவளுடையதுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரெண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தோம். அப்புறம் எங்கள் கையைப் பார்த்தோம். இறால் உரிக்கிறவள் கையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணியில் முக்கி முக்கி விரல் நுனியெல்லாம் வெந்து தோல் கழன்று கிடக்கும்.

"கைக்கே இந்தக் கதி" என்றேன்.

"அங்கன கொண்டுபோய் ஊத்திருக்கோமேளா" என்றாள்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு பாட்டிலையும் சாக்கடையில் ஊற்றினோம்.

இதோடு எனக்குத் தெளிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பயம் லேசில் விடாது. குளோரின் தண்ணி இப்போது ஊற்றினது, அதற்கு முன்னாலேயே அரித்ததே, அது எதனால் என்று கேட்டது. டாக்டரம்மா பதில் சொல்லியிருந்தார், ஈரம் என்று. ஆனால் பயந்தவளுக்கு டாக்டர் சொன்னது பதிலாகத் தெரியாது.

வியாழக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் வண்டியை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மைனி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். நானும் போனேன். நர்ஸ் ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

அப்போதும் அரித்தது. அரிப்பு நின்று, சந்தேகம் தீர்ந்து, மனசு தெளிந்து நான் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் எழுந்தேன்.

என்ன நினைத்தேன் என்றால், இந்தப் பை எனக்கு என்ன கெடுதல் செய்தது. ஒரு பிள்ளையைச் சுமந்து கொடுத்தது. மாசாமாசம் அதன் வேலையை அது ஒழுங்காகப் பார்த்தது. பஞ்சில் துடைத்துப் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை. பயந்தது நான். வெட்டு மட்டும் அதற்கா. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் அழுகைதான் வந்தது. அன்றைக்குக் கோபம் வந்தது.

நர்ஸ் கையில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம்."

"வலிக்காதும்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"ஊசிய சொல்லல. ஆபரேசன் வேண்டாம்."

மைனி எழுந்து வந்தாள். "ஏளா, கிறுக்குப் பிடிச்சுட்டா? விடியறதுக்கு முந்தி பஸ்ஸேறி வந்திருக்கேன்."

"வந்ததுக்குச் சந்தோசம் மைனி. வாங்க, போற வழியில நல்ல சீலா மீன் வாங்கிக் கொழம்பு வைக்கேன். சாப்பிட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்ன செய்வ?"

"ஒண்ணுன்னா அன்னைக்கு வெட்டட்டும். ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு வெட்ட?"

"இப்ப அரிக்குதா, இல்லியா? சத்தியமா சொல்லு."

"அரிக்குது. நல்லாவே அரிக்குது. அரிக்கட்டும்."

நர்ஸ், டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். பயந்து ஓடிவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அவளுக்கும் சொல்ல ஏதாவது வேண்டும் அல்லவா.

வீட்டுக்காரர் வராந்தாவில் பையும் பிளாஸ்க்குமாக நின்றார். நான் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தார்.

"என்னளா?"

"வீட்டுக்குப் போவோம்."

"சரி. நில்லு, அட்டைய வாங்கிட்டு வாரேன்."

வேற ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனுசனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். மைனி ஆட்டோவில் வீடுவரைக்கும் என்னை வைதுகொண்டே வந்தாள். மீன் குழம்பு சாப்பிடும்போதுதான் நிறுத்தினாள்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை எதையும் ஒளிக்கவில்லை. குளோரின் தண்ணியைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"கம்பெனியில காலை நனைக்கிற தண்ணியவா?"

"கால் தண்ணி இல்ல. கை முக்குறது."

"ரொம்ப வித்தியாசம்தான்" என்றார். அப்புறம் வையத் தொடங்கினார். "படுக்கும்போது மாத்திரை, விடிஞ்சா குளோரின். பின்ன எப்படிம்மா ஆறும்? பூஞ்சை பாதி, நீங்க புண்ணாக்குனது பாதி. நான் இங்க மருந்து மருந்தா மாத்தி எழுதிக்கிட்டு இருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். வைகிறதுக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. மறுபடியும் மாத்திரை எழுதினார். வெறும் தண்ணி, பருத்தி உள்ளாடை, ஈரத்தை உடனே மாற்ற வேண்டும், தண்ணி குடிக்க வேண்டும் என்றார்.

"புற்று டெஸ்ட் மறுபடி எப்ப எடுக்க?" என்று கேட்டேன்.

"நான் சொல்ற வருசம் வந்தா போதும். அதுக்கு முந்தி வந்தீங்கன்னா நான் பாக்க மாட்டேன்."

அதுதான் எனக்கு வேண்டியதாக இருந்தது. யாராவது அப்படிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. எதிர்மேசை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குச் சுகர் இருந்தது. அதற்கு மருந்து எடுத்தபிறகுதான் அவளுக்கு அரிப்பு அடங்கியது. இத்தனை வருசம் அவளுக்கு யாரும் அதைப் பார்க்கவில்லை. பையை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் சொன்னோம். மெதுவாகச் சொல்லவில்லை. சத்தமாகவே சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்ததில் பல பேர் முழித்தார்கள். ஒருத்தி மெல்ல எழுந்து போய்த் தன் பையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி போனாள். அதற்குப் பிறகு நாங்கள் மாற்றுப் பாவாடையும் உள்ளாடையும் கொண்டுவர ஆரம்பித்தோம். மத்தியானம் ஈரத்தை மாற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நேரம் பிடித்தது. சூப்பர்வைசர் வந்து கத்தினார்.

"என்ன இது, துணிக்கடையா? அங்க இறால் காத்துக்கிட்டுக் கெடக்கு."

"அது ஐஸ்லதான அண்ணாச்சி கெடக்கு. கெட்டுப் போகாது. நாங்கதான் கெட்டுப் போறோம்" என்றேன்.

"யாருகிட்டக் கேட்டு மாத்துதிய?"

"அரிச்சா சொறியதுக்கு யாருகிட்டக் கேக்கணும்னு சொல்லுங்க. அவுககிட்டயே இதையும் கேக்கோம்."

பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் மனுசன் போய்விட்டார். அனுமதி கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நாங்கள் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். தண்ணியும் குடிக்கிறேன். வந்தால் போகிறேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். கடிகாரம் அவர் கையில் இருக்கிறது. மூத்திரம் என் வயிற்றில் இருக்கிறது.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அது வரும். துட்டி வீட்டுக்குப் போனால் வரும். போனில் ஏதாவது கண்ணில் பட்டால் வரும். நான் ஒன்று செய்தேன். குளிக்கும்போது பார்ப்பதோடு சரி என்று வைத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோவது கிடையாது. மோப்பது கிடையாது. முதலில் கை போகும். கையை இழுத்துக்கொண்டு பாத்திரம் விளக்கப் போவேன். அந்த நேரம் உயிரே போகிற மாதிரி இருக்கும். போகாது. பாத்திரம்தான் பளபளவென்று இருக்கும். பயத்தைத் துரத்த எனக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், என் வேலையை நான் பார்ப்பேன். அதன் பேச்சைக் கேட்டு டாக்டர் மாற்றி டாக்டர் ஓட மாட்டேன். வெட்டவும் கொடுக்க மாட்டேன்.

போன மாதம் பல் ஈறு வீங்கி ஊசி மருந்து போட்டேன். அது முடிகிற சமயம் மறுபடியும் அரிப்பு வந்தது. அந்த மருந்துக்கு இப்படி வரும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். போய்க் காட்டினேன். மாத்திரை கொடுத்தார். அது ஆறுவதற்குள் ஆத்தூரில் மைனி மகனுக்குக் கல்யாணம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நெளிந்தேன். மைனி பார்த்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு அம்மா, ஆயிரம் வேலை. அதை விட்டுவிட்டு என்னிடம் வந்து குனிந்தாள்.

"என்னளா, மறுபடியுமா?"

"ஆமா. மாத்திரை வைக்கேன். போயிரும்."

"நான் அப்பவே சொன்னேன், எடுத்திருந்தா இப்ப..."

"எடுத்திருந்தாலும் அரிக்கும் மைனி. அது வேற எடம். நீங்க போய்ப் பொண்ணு வீட்டுக்காரவளக் கவனிங்க."

அவள் முறைத்துக்கொண்டு போனாள். உள்ளே பயம் தொடங்கியது. இந்தத் தடவை வேற ஏதாவதாக இருந்தால் என்றது. டாக்டரம்மா சரியாகப் பார்த்தாரா என்றது. இவ்வளவு பேர் நடுவில் செத்து விழுந்தால் என்றது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். தண்ணி தெளித்துத் துடைத்தேன். சோறு வந்தது. நடுவில் குழி பண்ணிச் சாம்பார் வாங்கினேன். அரித்தது. சாப்பிட்டேன்.